பிள்ளையைக் கொடுத்துவிட்டார்கள், அண்ணி

கண்ணுக்குள்ளேயே நிற்கிற என் அஞ்சலை அண்ணிக்கு,

ஊரார் முன்னால் உன்னை வாங்க, போங்க என்பேன். வீட்டுக்குள் வந்துவிட்டால் நீ, வா, போதான். இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கப்போகிறார்கள் என்று தெரியும். இருந்தாலும் நீ என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டாய்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையைக் கொடுத்துவிட்டார்கள் அண்ணி. போன வாரம் ஆபீஸிலிருந்து அண்ணனுக்குப் போன் வந்தது. "உங்க பொருள் ஒண்ணு இங்க இருக்கு, வந்து வாங்கிட்டுப் போங்க" என்று புதிதாக வேலைக்கு வந்த யாரோ பேசியிருக்கிறார். என்ன பொருள் என்று அண்ணனுக்கு விளங்கவில்லை. ஜாதிச் சான்றிதழாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் பெரம்பலூரில் துணிக்கடைக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். உன் மகள் தீபாவும் காலேஜுக்குப் போகாமல் வந்தாள். மூன்று பேரும் போய் நின்றோம்.

மேசைமேல் வெள்ளைத் துணி சுற்றித் தைத்த ஒரு சின்னப் பெட்டி இருந்தது. தையல்மேல் அரக்கு வைத்து முத்திரை குத்தியிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அண்ணனுக்கு என்ன பொருள் என்று விளங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இறந்தவங்க பேரு சொல்லுங்க" என்றார் எழுதுகிறவர்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தீபாவைப் பார்த்தேன். பேர் வைக்கும் முன்பே போன பிள்ளைக்கு என்ன பேர் சொல்வது? கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவரே 'பெண் சிசு' என்று எழுதிக்கொண்டார். தீபாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். பஸ்ஸில் கண்டக்டர், "மேல வெச்சுரும்மா, எடம் இருக்கு" என்றார். "வேணாண்ணே, மடியிலயே இருக்கட்டும்" என்றாள். தான் பார்த்திராத அக்காவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள் உன் மகள்.

உனக்குத் தெரிந்த கதைதான். படிக்கிறவர்களுக்காக முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது. எந்த டவுன், எந்த ஆபீஸ், எந்த அதிகாரி என்று நான் எழுதப்போவதில்லை. யாரையும் சந்தியில் நிறுத்துவதற்காக இதை எழுதவில்லை. அரியலூர்ச் சீமையில் ஒரு டவுன் என்று வைத்துக்கொள்ளட்டும்.

அந்த டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நம்ம இடம் இருந்தது. நம்ம இருளர் சனம் அங்கே எப்போது வந்தது என்று சொல்ல ஆள் இல்லை. என் தாத்தா அங்கேதான் பிறந்தார், அவருடைய தாத்தாவும் அங்கேதான் என்பார்கள். டவுன் வளர்ந்து வந்து நம்மைச் சுற்றிக்கொண்டது. லாட்ஜ் வந்தது, பெட்ரோல் பங்க் வந்தது, சிமெண்ட் லாரி போகிற ரோடு வந்தது. நடுவில் நம்ம கூரைகள். கூரைகளுக்குப் பின்னால், நுணா மரங்களும் கருவேலமுமாகக் கிடந்த மேட்டில் நம்ம செத்தவர்கள். டவுன்காரர்கள் அந்த இடத்தையே இருளன் மேடு என்றுதான் சொல்வார்கள். ஆட்டோவில் ஏறி இருளன் மேடு என்றால் கொண்டுவந்து விடுவார்கள். சர்க்கார் கணக்கில் மட்டும் அதற்கு வேறு பெயர். அரசு புறம்போக்கு, தரிசு, காலி இடம்.

விக்கிரமங்கலம் பக்கத்துச் செங்கல் சூளையிலிருந்து நீ எங்கள் வீட்டுக்கு வாழ வந்தாய். எனக்கு அப்போது தலைசீவக்கூடத் தெரியாது. அம்மா இல்லாத வீடு. வந்த புதிதிலேயே என்னை உட்காரவைத்துப் பேன் பார்த்தாய். எனக்கு அது இன்னும் தலைக்குள் சுகமாக இருக்கிறது. அடுத்த வருஷம் உனக்குப் பெண் பிறந்தது. பிறந்த வாரத்திலேயே போய்விட்டது. பால் குடிக்காமல், அழாமல், உன் மடியிலேயே அடங்கிவிட்டது. அண்ணன் அதை உன் பழைய மஞ்சள் சேலையில் சுற்றிக்கொண்டுபோய் மேட்டில், ஓரமாக நின்ற நுணா மரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். பச்சை உடம்புக்காரி வரக்கூடாது என்றார்கள். நீ கேட்கவில்லை. பின்னாலேயே நடந்துபோய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தாய்.

தீபா பிறந்து, பெரியவளாகி, எட்டாவது படிக்கிற சமயத்தில்தான் நோட்டீஸ் வந்தது. காலி இடத்தில் வணிக வளாகம் கட்டப்போகிறார்கள், ஆக்கிரமிப்பாளர்கள் காலிசெய்ய வேண்டும். நான்தான் எழுத்துக்கூட்டி எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஆக்கிரமிப்பாளர்கள் என்றால் யார் என்று நம்ம சனத்துக்குப் புரியவே இல்லை. வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று நினைத்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மனு நாளில் எல்லோரும் போனோம். ஆம்பிளைகள் கும்பிட்ட கையை எடுக்காமல் நின்றார்கள். நீதான் பேசினாய்.

"காலி எடம்னு எழுதியிருக்கீங்களே சார், அப்ப நாங்க யாரு? எங்க மாமனாரு அங்கதான் கெடக்காரு. அவரு அப்பன் அங்கதான் கெடக்காரு. எம் புள்ள அங்கதான் கெடக்கு. எல்லாரும் உள்ள இருக்கையில எப்படி சார் அது காலியாவும்?"

விசாரணைக்கு உத்தரவு வந்தது. உன்னால் வந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு அம்மா. நல்ல மாதிரிதான். கரித்துக் கொட்டவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் மேட்டில் ஏறினார். ஆனால் அவருக்கும் மேலே எழுதிக் கொடுக்கச் சாட்சி வேண்டுமே. புதைத்ததற்கு என்ன அடையாளம், கல் இருக்கிறதா, சமாதி இருக்கிறதா என்று கேட்டார். நம்ம சனம் கல் நடுவதில்லை. மண்ணை மூடி முள்ளைப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். மழை பெய்தால் மேடு கரைந்து சமமாகிவிடும். இடம் மட்டும் நெஞ்சுக்குள் இருக்கும்.

மேட்டை ஒட்டிக் கட்டடச் சாமான் கடை வைத்திருந்தவர் அன்று ஆட்களோடு வந்திருந்தார். வணிக வளாகம் வந்தால் அவருக்கும் அதில் கடை உண்டு என்று பேச்சு. "இவனுங்க பொழைக்க வந்தவனுங்க மேடம். இன்னிக்கு இங்க, நாளைக்கு வேற ஊரு. பொணத்த எங்க பொதச்சானுங்கன்னு அவனுங்களுக்கே தெரியாது" என்றார்.

அதிகாரி அம்மா நம்மைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். "ஒரே ஒரு எடத்தக் காட்டுங்க. தோண்டிப் பாத்துட்டா நான் தெம்பா எழுதிருவேன். இல்லன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

தோண்டுவதா? பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். தூங்குகிறவர்களை எழுப்பினால் குடும்பம் விளங்காது என்றார்கள். யாருடைய அப்பனை, யாருடைய ஆத்தாளைத் தோண்டச் சொல்லிக் காட்டுவது? ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். கடைக்காரர் சிரித்தார்.

"எம் புள்ளையத் தோண்டிக்கங்க" என்றாய்.

அண்ணன் பாய்ந்துவந்து உன் கையைப் பிடித்தார். "பேசாம இருடி. மண்ணு போனா போவுது. வேற எங்கனயாச்சும் பொழச்சுக்கலாம்."

"வேற எங்கனயாச்சும் போனாலும் அங்கயும் ஒருநா இவங்க வருவாங்க. நம்ம சனத்தோட அப்பன் ஆத்தாளத் தோண்டச் சொல்ல எனக்கு வாய் வரல. எம் புள்ளைய நான் சொல்லலாம்ல? நான் பெத்தது."

"எனக்கு மட்டும் புள்ள இல்லையாடி அது?"

"ஒனக்கும்தான். அதான் ஒங்கிட்டயும் கேக்குறேன். சரின்னு சொல்லு."

அண்ணன் சரி என்று சொல்லவே இல்லை. மண்ணில் உட்கார்ந்து தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அதையே நீ சம்மதமாக எடுத்துக்கொண்டாய். நேராகப் போய் நுணா மரத்துக்குக் கிழக்கே நின்று காலடியைக் காட்டினாய். அது தப்பா, சரியா அண்ணி? இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். எனக்குத் தெரியவில்லை.

வேலையாள் கடப்பாரையை எடுத்தபோது நீ விடவில்லை. கொத்தாதீங்க, கையால எடுங்க என்றாய். நீயும் உட்கார்ந்து மண்ணை அள்ளினாய். நம்ம பக்கத்து வெள்ளை மண். முழங்கை ஆழம் போனதும் மஞ்சள் நூல் ஒன்று வந்தது. பிறகு நீ யாரையும் கிட்டே விடவில்லை. எலும்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, கோழிக்குஞ்சுக்கு இருப்பதுபோல் இருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து உன் முந்தானையில் வைத்தாய். அழவில்லை. மண்ணை ஊதிவிட்டு ஊதிவிட்டு வைத்தாய்.

"ஆடோ நாயோ செத்தத பொதச்சிருப்பானுங்க மேடம்" என்றார் கடைக்காரர்.

நீ முந்தானையோடு எழுந்து நின்று அவரைப் பார்த்தாய். அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவர் சொன்னதை அதிகாரி அம்மாவும் எழுதிக்கொள்ளவேண்டியிருந்தது. ஆட்சேபணை வந்துவிட்டால் சோதனைக்கு அனுப்பித்தான் ஆகவேண்டுமாம். அரசு ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்தார். சுண்ணாம்பு மண் என்பதால் கெடாமல் இருக்கிறது என்றார். பெட்டி கொண்டுவந்தார்கள். உன் முந்தானையிலிருந்து பிள்ளை பெட்டிக்குப் போனது.

"எப்ப சாமி குடுப்பீங்க?" என்று கேட்டாய்.

"ரிப்போர்ட் வந்ததும் குடுத்துருவோம்மா. இது ஒங்க புள்ளதான. நாங்க வெச்சு என்ன பண்ணப்போறோம்?" என்றார் அந்த அம்மா. அவர் மனசறிந்து பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். கொஞ்ச நாளில் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது.

ரிப்போர்ட் வந்தது. மனிதப் பிள்ளைதான், பெண்தான் என்று வந்தது. உத்தரவும் வந்தது. பழங்காலத்திலிருந்து இருளர் மக்களுக்குப் பாத்தியப்பட்ட இடுகாடு என்று சர்க்கார் பதிவில் மேட்டை எழுதினார்கள். நம்ம சனத்தின் பேர் முதல்தடவையாக ஒரு மண்ணின் மேல் எழுதப்பட்டது. அன்றைக்கு மேட்டில் பம்பை அடித்தோம், நினைவிருக்கிறதா? நீகூட ஆடினாய். அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு லாட்ஜ் பக்கம் போய் நின்றார்.

உத்தரவில் அடுத்த பக்கமும் இருந்தது. அதை நமக்கு உதவிய வக்கீல் மறுநாள் விளக்கிச் சொன்னார். மேடு இடுகாடு என்றாகிவிட்டதால் அதை ஒட்டி யாரும் குடியிருக்கக் கூடாது. கூரைகள் இருந்த நிலம் வளாகத்துக்குப் போகும். நமக்கு ஜெயங்கொண்டம் ரோட்டில் முந்திரிக்காட்டு ஓரமாகப் பட்டா. டவுனுக்குள் ஜனங்கள் நடமாடுகிற இடம் என்பதால் மேட்டில் புதிதாக யாரையும் புதைக்கவும் கூடாது. சுற்றிச் சுவர் கட்டிக் கதவு போட்டுச் சாவியை ஆபீஸில் வைத்துக்கொள்வார்கள். வருஷத்தில் ஒருநாள் கும்பிட்டுவிட்டு வரலாம்.

எல்லோரும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தோம். இது எங்கள் மண் என்று நிரூபித்தோம். நிரூபித்ததாலேயே வெளியே வந்தோம். இதை எந்தக் கணக்கில் எழுதுவது அண்ணி?

புது இடத்துக்குப் போய்க் கூரை போட்டதும் நீ பிள்ளையைக் கேட்டு ஆபீஸுக்கு நடக்க ஆரம்பித்தாய். சோதனைக்குப் போன இடத்திலேயே இருக்கிறது என்றார்கள். வளாகக்காரர்கள் அப்பீல் போட்டிருக்கிறார்கள், கேஸ் முடியும்வரை சாட்சிப்பொருளைத் தர முடியாது என்றார்கள். ஆள் மாறினார்கள், மேசை மாறியது. ஒருவருக்கு நீ எதைக் கேட்கிறாய் என்றே தெரியவில்லை. "பட்டா வாங்கிட்டீங்கல்ல, இன்னும் என்னம்மா வேணும்?" என்று கேட்டாராம். "எம் புள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன் என்று என்னிடம் சொன்னாய்.

அப்புறம் உனக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. கிட்னி போய்விட்டது என்றார்கள். பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நான் அதற்குள் துணிக்கடை வேலைக்காகப் பெரம்பலூருக்கு வந்திருந்தேன், அதனால் என் வீட்டில் தங்கினாய். எனக்கு அந்த நாட்கள் கிடைத்ததே என்று நினைத்துக்கொள்வேன். சில நாள் என் தலையை வாங்கி மடியில் வைத்துப் பேன் இல்லாத தலையில் பேன் பார்ப்பாய்.

ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது ஆட்டோவில் சொன்னாய். "ராணி, மண்ணு கெடச்சும் புள்ள கெடைக்கல பாத்தியா. நல்லாத் தூங்கிக்கிட்டு இருந்ததை நாந்தான எழுப்பி அனுப்பிச்சேன். இப்ப எந்த ஊருல, எந்த அலமாரியில கெடக்கோ. பயந்துக்குமோ என்னமோ."

"பிஞ்சுக்கு என்ன பயம் தெரியப்போவுது அண்ணி" என்றேன்.

"நீ பெத்தா தெரியும்" என்றாய். எனக்குப் பிள்ளை இல்லை என்பது அப்புறம்தான் உனக்கு உறைத்தது. என் கையை எடுத்து உன் கன்னத்தில் வைத்துக்கொண்டாய். வீடு வருகிறவரை விடவே இல்லை. நான் அதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை அண்ணி. அதையும் இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

நீ போன அன்று அண்ணன் பிடிவாதம் பிடித்தார். மேட்டில்தான் வைப்பேன், அவள் கேட்டு வாங்கிய மண் அது என்றார். வேனை நேராக அங்கே விடச் சொன்னார். கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் வந்தார். வருத்தப்பட்டார். "என் வேல போயிருங்க. புதுசா வெக்கக்கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்கு" என்றார். உன்னை வேனில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றோம். வளாகத்துக் கடைகளில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கடைப்பெண் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். தீபாதான் அப்பாவின் தோளைத் தொட்டு, "அம்மாவ வெயில்ல போட வேணாம்ப்பா, வா" என்றாள். உன்னைப் புது இடத்துக்கே கொண்டுவந்து முந்திரிக்காட்டு ஓரத்தில் வைத்தோம்.

இப்போது அப்பீல் தள்ளுபடியாகிவிட்டது. அதனால்தான் பெட்டி வந்தது. ஆபீஸில் புதிதாக வந்திருக்கிற அதிகாரி விவரமானவர். அண்ணனை உட்காரச் சொல்லிப் பேசினார். "இது புதுசாப் பொதைக்கிறது ஆவாதுங்க. எடுத்த எடத்துலயே திரும்ப வெக்கிறீங்க. நான் கதவத் திறந்துவிடச் சொல்றேன்" என்றார். உனக்குத் திறக்காத கதவு பிள்ளைக்குத் திறக்கும் என்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்கும் தீபாவுக்கும் வாக்குவாதம். மேட்டில்தான் வைக்கவேண்டும் என்றார் அண்ணன். "அது அங்க இருந்துச்சுன்னுதான் மண்ணே நம்ம பேருக்கு வந்துச்சு. அத எடுத்துட்டா நாளைக்கு எவனாச்சும் ஒண்ணும் இல்லம்பான்."

"இன்னும் எத்தன நாளைக்குப்பா அக்காவ சாட்சிக்கு நிறுத்துவ?" என்றாள் தீபா.

ஆனாலும் அண்ணன் பிடித்த பிடியை விடவில்லை. மறுநாள் காலையில் அதிகாரி சொன்னபடி போனோம். கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே முழங்கால் உயரத்துக்குக் கோரை. நுணா மரத்தைச் சுவர் கட்டும்போது வெட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. அண்ணன் அங்குமிங்கும் நடந்தார். நீ காட்டிய இடம் அவருக்குப் பிடிபடவில்லை. எனக்கும் பிடிபடவில்லை. நீ இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு காட்டியிருப்பாய். கடைசியில் அவர் திரும்பிவந்து தீபாவின் கையிலிருந்த பெட்டியைத் தொட்டார். வாங்கிய நாளிலிருந்து அப்போதுதான் முதலில் தொட்டார்.

"ஒங்கம்மா ஆபீஸ் ஆபீஸா நடந்து கேட்டது இதத்தான. அவகிட்டயே குடுத்துருவோம்" என்றார்.

அன்று சாயங்காலம் உன்னிடம் கொண்டுவந்தோம் அண்ணி. முத்திரையை நான்தான் உடைத்தேன். என் சேலை ஒன்றைக் கிழித்துச் சுற்றினேன். உன் சேலை எடுக்கலாம் என்றாள் தீபா. அத்தை நான் ஒரு சட்டைகூடப் போட்டுப் பார்க்காத பிள்ளை, என் சேலையைத்தான் சுற்றவேண்டும் என்று சொல்லிவிட்டேன். உன் வலதுபக்கம் தோண்டி வைத்தோம். மூடும்போது அண்ணன் குழந்தையை ஏதோ ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டார். என்ன பேர் என்று நாங்கள் கேட்கவில்லை. உனக்குக் கேட்டிருக்கும்.

இன்னும் ஒரு சேதி. நீங்கள் இருவரும் கிடக்கிற முந்திரிக்காட்டு ஓரம் பட்டாவில் வரவில்லை. அதுவும் புறம்போக்குதானாம். போன மாசம் ரோடு அகலப்படுத்த அளந்துவிட்டுப் போனார்கள். இந்தத் தடவை நோட்டீஸ் வருகிறவரை நாங்கள் காத்திருக்கவில்லை. அந்த ஓரத்தை நம்ம சனத்து இடுகாடாக எழுதித் தரவேண்டும் என்று தீபா மனு எழுதினாள். இந்தத் திங்கட்கிழமை எல்லோரும் போகிறோம். யார் பேசுவது என்று கேட்டார்கள். நான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். உன்னைப்போல் வராது. பேசுவேன்.

என்ன அடையாளம் என்று அவர்கள் கேட்பார்கள். எதைக் கேட்டாலும் தேடிக் கொடுக்கிறேன். எத்தனை வருஷம் இழுத்தாலும் நடக்கிறேன். ஆனால் ஒன்று அண்ணி. இனிமேல் எந்த உத்தரவுக்காகவும், எந்தச் சாட்சிக்காகவும் உங்கள் மேல் ஒரு கைப்பிடி மண்ணைக்கூட யாரையும் அள்ள விடமாட்டேன். அதனால் மண்ணே போகும் என்றாலும் விடமாட்டேன். நீ தோண்டச் சொன்னாய் என்று நாளைக்கு யாராவது எனக்கு எடுத்துச் சொன்னாலும் கேட்கமாட்டேன்.

பிள்ளையை அணைத்துக்கொண்டு தூங்கு அண்ணி.

உன் வயிற்றில் பிறக்காமல் உன் மடியில் வளர்ந்த நாத்தனார்,
ராணி